கல்யாண மகாலின் ஆறாவது மாடிக்குத் தண்ணீர் எப்படி ஏறியது?

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களில் ராஜகிரி மலை உச்சிவரை போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வெயிலையும் படிகளையும் பார்த்துவிட்டு மற்றவர்கள் கீழ்க்கோட்டையிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்குக் கல்யாண மகால்தான் கோட்டை. உச்சியில் கூம்புக் கூரை, கீழே அடுக்கடுக்காக மாடிகள், பக்கத்தில் ஆனைக்குளம். கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் குரலை உயர்த்திச் சொல்வார்: "மோட்டார் கெடையாது, கரண்ட்டு கெடையாது. ஆறாவது மாடிக்குத் தண்ணி ஏறியிருக்குது பாருங்க!" எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. மகாலுக்குச் சுமார் 500 கஜம் தள்ளியிருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது, ஆறாவது மாடிவரை போனது என்று கோட்டையைப் பற்றிய பழைய குறிப்புகளிலேயே இருக்கிறது. எனக்கு அதில் சண்டை இல்லை. நம் வியப்பு தப்பான இடத்தில் போய் விழுகிறது என்பதுதான் என் குறை. நாம் இந்தப் பக்கம் மாடியை அண்ணாந்து பார்க்கிறோம். பார்க்க வேண்டியது குழாயின் அந்தப் பக்கத்து முனையை. அது எவ்வளவு உயரத்தில் இருந்தது?

போன வருஷம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவனிடம் இதைக் கேட்டேன்.

"குளம் பெருசா இருந்திருக்கும் மாமா. அவ்ளோ தண்ணியோட வெயிட்டும் சேர்ந்து தள்ளும்ல?"

நிறையப் பேர் சொல்கிற பதில் இதுதான். எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பரும் இதைத்தான் சொன்னார். மாடி பாத்ரூம் ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது என்றேன். "ஆயிரம் லிட்டர் தொட்டிய எடுத்துட்டு ரெண்டாயிரம் வைங்க சார், பிரஷர் நல்லா வரும்" என்றார். ரெண்டாயிரம் வைத்தாலும் வராது, இருபதாயிரம் வைத்தாலும் வராது. அதே ஆயிரம் லிட்டர் தொட்டியைப் பத்தடி உயரத் தூணில் ஏற்றி வைத்தால் வரும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ. அந்தப் பத்து மீட்டர் ஒரு பென்சில் பருமன் குழாயில் நின்றாலும் சரி, வீராணம் ஏரி அகலத்துக்கு நின்றாலும் சரி, அடியில் அழுத்தம் ஒன்றுதான்.

மனசு இதை லேசில் ஒத்துக்கொள்ளாது. 1586-இல் சைமன் ஸ்டெவின் என்ற ஃபிளெமிஷ் பொறியாளர் இதை எழுதினார். இதற்கு முரண்புதிர் என்று பேர் வைக்கும் அளவுக்குப் பிற்காலத்தவர்கள் மலைத்துப் போனார்கள். ஆனால் கொத்தனார்களுக்கு இதில் எந்த மலைப்பும் இல்லை. வீடு கட்டும்போது ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் மட்டம் பார்க்க நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு ஆள் இரண்டு முனையைப் பிடிப்பார்கள். நடுவில் டியூப் மணல் குவியல்மேல் ஏறி, பள்ளத்தில் இறங்கி, எப்படி நெளிந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். ஒரு முனையில் டியூபை மூன்று மடங்கு பருமனாக மாற்றினாலும் அதே மட்டம்தான்.

கல்யாண மகால் குழாயும் அந்த டியூப்தான். ஒரு முனை குளத்தில், மறுமுனை மாடியில். குளத்துத் தண்ணீரின் மட்டம் ஆறாவது மாடியைவிட உயரத்தில் இருந்தால், நடுவில் குழாய் தரைவரை இறங்கி வந்தாலும் மறுபடி மேலேறி மாடியில் கொட்டும். குளம் சமதரையில் இருந்தால் ஒரு சொட்டும் தரையைத் தாண்டி ஏறாது, குளம் கடல் அளவு இருந்தாலும். இடைப்பட்ட வழி ஒன்றே ஒன்று: யாரோ எங்கேயோ தண்ணீரை இறைத்து உயரமான தொட்டியில் ஊற்றியிருக்க வேண்டும்.

எது நடந்திருக்கும்? மகாலுக்குப் பின்னால் ராஜகிரி நிற்கிறது. 800 அடி உயரம். அதன் சரிவில் ஐம்பது, அறுபது அடி உயரத்தில் ஒரு தொட்டி கட்ட இடத்துக்கா பஞ்சம்? மலையில் விழுகிற மழையைச் சரிவிலேயே பிடித்து அங்கிருந்து குழாய் இறக்கினால் முடிந்தது வேலை. சமதரைக் குளத்திலிருந்து இறைத்தார்கள் என்றாலும் அது ஒன்றும் பிரமாதமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடிக்கு எட்டு அடி என்று வைத்தால் ஆறு மாடிக்கு 48 அடி, சுமார் 15 மீட்டர். ஆயிரம் லிட்டரை 15 மீட்டர் தூக்க ஆகும் சக்தி மின்கணக்கில் 0.04 யூனிட். ஒரு ஆள் மூச்சு வாங்காமல் தொடர்ந்து செய்யக்கூடிய வேலையில் அரை மணி நேரம். சிந்திச் சிதறி வீணாவதையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். செஞ்சியை ஆண்ட நாயக்கர்களிடம் ஆளுக்கும் மாட்டுக்கும் குறைச்சல் இருந்ததா? மாடு பூட்டிக் கவலை இறைக்கத் தெரிந்த நாட்டில், ராணிவாசத்துக்குத் தேவையான தண்ணீரை ஒரு ஜோடி மாடு காலை வேளையிலேயே ஏற்றி முடித்திருக்கும்.

எனக்கு மெய்யாகவே ஆச்சரியமாக இருப்பது குழாயின் இணைப்பு. 15 மீட்டர் உயரத்துக்குக் குழாய் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோ அழுத்தம் இருக்கும். உள்விட்டம் 10 செ.மீ., சுவர்ப் பருமன் 2 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால், அந்த அழுத்தம் குழாயின் மண்ணைப் பிளக்க இழுக்கும் இழுவை சராசரியாகச் சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோவுக்குள்தான் வரும். நன்றாகச் சுட்ட மண் அதைத் தாங்கிவிடும். இணைப்பு அப்படி இல்லை. ஒரு குழாயின் வாய்க்குள் அடுத்த குழாயைச் செருகிக் காரை பூச வேண்டும். ஒரு துண்டு ஒன்றரை அடி என்றால் 500 கஜத்துக்கு ஆயிரம் இணைப்பு. ஆயிரத்தில் ஒன்று கசிந்தாலும் மண் கரைந்து, குழாய் தொய்ந்து, பக்கத்து இணைப்பும் போகும். ஆகவே குழாயைத் தனியே விடாமல் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் காரையோடு வைத்துப் புதைத்தால்தான் பிழைக்கும். செஞ்சியின் உண்மையான கெட்டிக்காரர் அந்தக் காரை பூசிய ஆள் என்பது என் கட்சி.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் குழாய்ச் சுவர் உராய்ந்து உயரத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். குழாய் இன்னும் ஒடுங்கலாக ஏழரை செ.மீ. என்று வைத்தால், 460 மீட்டர் தூரம் நொடிக்கு ஒரு லிட்டர் ஓடினால் ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் போகும். நாலு லிட்டர் ஓட்டப் பார்த்தால் எட்டு மீட்டர் போகும். ஓட்டம் நாலு மடங்கு, நஷ்டம் பதினாறு மடங்கு. ஆகவே கேட்கத் தெரிந்தவர்கள் கொஞ்சமாகத்தான் கேட்டிருப்பார்கள்: மெல்ல வரட்டும், மாடியில் தொட்டி நிரம்பட்டும், குளிக்கும்போது தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் தத்துவமும் இதுதானே.

சரி, மலை உச்சிக்கு வருவோம். ராஜகிரி மேலே வற்றாத சுனை இருக்கிறது, மழைநீர்த் தொட்டிகளும் இருக்கின்றன. மராத்திய அரசர் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வெளியே காத்துக் கிடந்த கதை தெரிந்ததுதான். 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. மதில், அகழி, பீரங்கி மேடை எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம். மேலே குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் எட்டு வருஷமா தாங்கும்? எட்டு நாள் தாங்காது.

அந்தச் சுனைக்கு ஊரில் சொல்கிற விளக்கம் கேட்டிருப்பீர்கள். பாதாளத்திலிருந்து ஊற்று மேலேறி வருகிறதாம். சிலர் காசியிலிருந்தே வருகிறது என்பார்கள். மட்டக் கணக்கை இங்கேயும் போட்டுவிடலாம். பூமிக்கடியிலிருந்து 800 அடி மேலே தண்ணீர் தள்ளப்பட வேண்டுமானால், மலையடிவாரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 24 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் செஞ்சி டவுனில் யார் போர் போட்டாலும் தண்ணீர் மலை உயரத்துக்குப் பீறிட்டு அடிக்கும். நம் ஆட்களோ போர் போட்டுவிட்டுத் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உச்சித் தண்ணீர் வானத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை. ஒரு ஏக்கர் பாறைமேல் விழுவது 40 லட்சம் லிட்டர். அதில் நாலில் ஒரு பங்கைப் பிடித்தாலே பத்து லட்சம். பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற மலை இது. இடுக்குகளில் இறங்கிய மழை மெல்ல மெல்லக் கசிந்து சுனைக்கு வரும். சுனை குறுகலாக, ஆழமாக, பாறை நிழலில் இருப்பதால் வெயில் குடிப்பதும் குறைவு. பரந்த குளத்தில் வருஷத்துக்கு ஆறடித் தண்ணீரைச் சூரியனே குடித்துவிடும். வற்றாத சுனையின் ரகசியத்தில் பாதி அதன் நிழல்.

மேலே தள்ளுவதைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. உறிஞ்சுவது வேறு கதை, அது எங்கள் வீட்டுக் கதையும்கூட.

எங்கள் கிணறு பாறைக் கிணறு. அப்பா முதலில் மோட்டாரைக் கிணற்று மேட்டில் கொட்டாய் போட்டு வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார் இறைப்பது குறைந்தது. ஒரு கட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, சத்தம் வருகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. பக்கத்து நிலத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஏர் இழுக்குது சித்தப்பா" என்றார். ஃபுட் வால்வைப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. சாணியைக் கரைத்துப் பம்பில் ஊற்றினார்கள். சின்ன இடுக்கு ஏதாவது இருந்தால் அது போய் அடைத்துக்கொள்ளும் என்று. எங்கள் பக்கத்தில் எல்லா மோட்டார்களும் சாணி குடித்தவைதான். அப்படியும் வரவில்லை. அடுத்த குதிரைச் சக்தி மோட்டார் வாங்கலாமா என்று பேச்சு வந்தது.

வாங்கியிருந்தாலும் வந்திருக்காது. மேலே இருக்கும் பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். பம்பு செய்வது குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். வெளியே கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுதான் அதைக் குழாய்க்குள் அழுத்தி ஏற்றுகிறது. காற்றின் பலமோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம். அதாவது 10.3 மீட்டர் தண்ணீரை மட்டும்தான் அதனால் ஏந்த முடியும். குழாயில் காற்றை ஒட்ட உறிஞ்சி எடுத்தாலும் அதற்குமேல் ஒரு விரற்கடை ஏறாது. நடைமுறையில் உராய்வு, கசிவு எல்லாம் போக ஏழு மீட்டரைத் தாண்டினாலே மோட்டார் திணறும். ஐந்து குதிரையானாலும் ஐம்பது குதிரையானாலும் ஊருக்கு மேலே இருக்கும் காற்று ஒன்றுதானே!

இத்தாலியில் பம்பு வேலை செய்கிறவர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். பதினெட்டு முழத்துக்குமேல் பம்பில் தண்ணீர் ஏறவில்லை என்ற விஷயத்தை கலீலியோ 1638-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். காரணத்தைத் தப்பாகச் சொன்னார். அவரிடம் கடைசிக் காலத்தில் இருந்த டாரிசெல்லிதான் 1643 வாக்கில் பாதரசக் குழாயை வைத்துக் காற்றுக்கு எடை உண்டு என்று காட்டினார். 1648-இல் பாஸ்கல் தன் மைத்துனரை அந்தக் குழாயோடு ஒரு மலைமேல் ஏற்றினார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. நம் ராஜகிரி உச்சியில் செய்தாலும் தெரியும். அடிவாரத்தைவிடச் சுமார் 2 செ.மீ. குறையும்.

அப்பாவுக்கு டாரிசெல்லி தெரியாது. ஆனால் மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. கிணற்றுக்குள் பாறையில் திட்டு உடைத்து அதில் மோட்டாரை வைத்தார். தண்ணீருக்குப் பக்கத்தில் போய்விட்டால் உறிஞ்சும் தூரம் குறையும். அதற்குமேல் தள்ளுவதற்கு எல்லையே கிடையாது, மோட்டாருக்குப் பலம் இருந்தால் போதும். அப்புறம் அடுத்த திட்டு. அதற்குக் கீழே இன்னொன்று. ஐப்பசி அடைமழையில் ராத்திரி கிணறு பொங்கினால் மோட்டார் முழுகிவிடும் என்று செயின் பிளாக் போட்டு நாலு பேர் சேர்ந்து தூக்குவார்கள். செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் பழைய கிணறுகளை எட்டிப் பாருங்கள், உள்சுவரில் படிபடியாகத் திட்டுகள் இருக்கும். நிலத்தடி நீர் எந்தக் காலத்தில் எவ்வளவு இறங்கியது என்பதற்கு வேறு ஆவணம் வேண்டியதில்லை.

பிறகு கம்ப்ரசர் வந்தது. போருக்குள் மெல்லிய குழாயில் காற்றை அனுப்பினால், தண்ணீரோடு காற்றுக்குமிழி கலந்து அந்தக் கலவை எடை குறைந்துவிடும். வெளியே இருக்கும் கனமான தண்ணீர் அதை மேலே தள்ளும். இதிலும் உறிஞ்சுதலே இல்லை, அதனால் பத்து மீட்டர் எல்லையும் இல்லை. கரண்டைத் தின்னும், ஆனால் கீழே கெட்டுப்போவதற்கு ஒரு பாகமும் கிடையாது. நீர்மூழ்கி மோட்டார் மலிவானதும் அதுவும் மூலைக்குப் போனது.

தள்ளுவதும் உறிஞ்சுவதும் போகத் தண்ணீர் ஒட்டுவதும் ஒன்று உண்டு, அதற்குச் செஞ்சிப் பக்கத்துத் தொண்டூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. செஞ்சிக் கோட்டையைவிடப் பல நூறு வருஷம் பழையது அங்கே இருக்கிறது: சமண முனிவர்களுக்காகப் பாறையில் செதுக்கிய படுக்கைகளும், கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வாக்கிலான தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தும். பள்ளிகொண்ட பெருமாளைப் பாறையில் வடித்த இடமும் அதே ஊரில்தான். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட சமணக் குகைகள் பலவற்றில் நெற்றிப் பாறையில் குறுக்காக ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? மழைத் தண்ணீர் பாறை நுனிக்கு வந்ததும் நேரே கீழே விழுந்துவிடாது. பாறையைப் பற்றிக்கொண்டு அடிப்பக்கமாக வளைந்து உள்ளே ஓடும். தண்ணீருக்குக் கல்மேல் அவ்வளவு ஒட்டு. நடுவில் ஒரு கூர்மையான விளிம்பு வந்தால் அதைச் சுற்றி ஏற முடியாமல் பிடி விட்டுச் சொட்டிவிடும். உள்ளே படுத்திருக்கும் முனிவர் நனையமாட்டார். இன்றைக்குச் சன்ஷேடு அடியில் விளிம்போரமாகக் கொத்தனார் இழுக்கும் காடியும் இதே வேலைதான். அந்தக் காடியை மிச்சம்பிடித்த வீடுகளில் ஜன்னலுக்கு மேலே பாசி படிந்திருக்கும், போய்ப் பாருங்கள்.

இனி ஏரி. நியாயமாகப் பதிவை இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும், கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள் வந்து போகிறவர்கள், ஏரியை நம்பித்தான் ஊரே இருக்கிறது.

முதலில் கரை. முன்னே சொன்ன பிளம்பர் கணக்குதான் இங்கேயும். ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்திருப்பதைப் பார்த்து, இவ்வளவு தண்ணீரையும் இந்த மண்கரை தாங்குகிறதே என்று தோன்றும். கரைக்கு அந்தப் பரப்பைப் பற்றிக் கவலை இல்லை. கரையோரம் எத்தனை அடி ஆழம் நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மூன்று மீட்டர் ஆழம் நின்றால் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நாலரை டன் தள்ளும். ஆறு மீட்டர் நின்றால் ஒன்பது டன் அல்ல, பதினெட்டு டன். ஆழம் இரட்டித்தால் தள்ளுவிசை நாலு மடங்கு. கரை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருப்பது இதனாலும்தான். பக்கத்தில் இருப்பது குட்டையா கடலா என்பது பொருட்டே இல்லை.

அப்படியானால் கரை ஏன் உடைகிறது? தள்ளி உடைவது அபூர்வம். நண்டு வளை, எலி வளை, செத்துப்போன மரத்தின் வேர் இருந்த ஓட்டை, இவற்றின் வழியே கசிகிற தண்ணீர் மண்ணைத் துகள் துகளாக எடுத்துக்கொண்டு போய் உடையும். கரைமேல் வழிந்தாலும் உடையும், அதைக் கடைசியில் சொல்கிறேன். கரையின் வெளிப்பக்கம் கசிவு தெளிவாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், அன்றைக்கு ராத்திரி தூங்கக்கூடாது. ஊரில் பெரியவர்கள் அந்த ஊற்றின் வாயை அடைக்கமாட்டார்கள். சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, கிணற்று உறைபோல் உயர்த்தி, அதற்குள் தண்ணீரை நிற்க விடுவார்கள். உள்ளே தண்ணீர் உயர உயர இரண்டு பக்கத்து மட்ட வித்தியாசம் குறையும், வேகம் தணியும், மண் வருவது நிற்கும். அடைத்தால் அது வேறு இடத்தில் வாய் திறக்கும். எந்தப் பொறியியல் கல்லூரியும் இதைவிட நல்ல வைத்தியம் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்தது மதகு. ஓட்டையிலிருந்து தண்ணீர் பாயும் வேகத்துக்கும் மேலே நிற்கும் ஆழத்துக்கும் டாரிசெல்லி சொன்ன உறவு இது: ஆழம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. தலைகீழாகச் சொன்னால், மதகின் மேல் பன்னிரண்டு அடி நின்ற ஏரி மூன்று அடிக்கு இறங்கும்போது, அதே திறப்பில் வருவது பாதித் தண்ணீர். இது வெறும் கணக்கு இல்லை, வயல்வெளித் தகராறு. முறை வைத்துப் பாய்ச்சும்போது ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று பிரிக்கிறார்கள். ஏரி நிறைந்திருக்கும்போது கிடைத்த நாலு மணி நேரமும் தை மாசக் கடைசியில் கிடைத்த நாலு மணி நேரமும் ஒன்றா? பின்முறைக்காரர் "எனக்குக் கொறச்சலா வுட்டாங்க" என்று கத்துவது பொய்யில்லை. திறந்தவர் "அதே நேரந்தானே வுட்டேன்" என்பதும் பொய்யில்லை. ஏரி இறங்க இறங்க நேரத்தைக் கூட்டிக் கொடுப்பதுதான் நியாயம்.

கடைசியாகக் கலங்கல். ஏரி நிறைந்து கலங்கல் வழியே வழிந்தால் எங்கள் பக்கத்தில் "ஏரி கோடி போகுது" என்போம். ஊரே போய்ப் பார்க்கும், சில ஊர்களில் கற்பூரம் ஏற்றுவார்கள். கலங்கல்மேல் வழியும் உயரம் இரட்டித்தால் போகும் தண்ணீர் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 2.8 மடங்கு. பத்து மீட்டர் நீளக் கலங்கலில் ஒரு அடி வழிந்தால் நொடிக்குச் சுமார் 100 கன அடி, இரண்டு அடி வழிந்தால் 280 கன அடி. வெள்ளம் பெருகப் பெருகக் கலங்கல் தானே அதிகமாக வெளியேற்றிக்கொள்ளும். காவலுக்கு ஆள் வேண்டாம், சாவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். தண்ணீர் சம்பந்தப்பட்ட கருவிகளில் இதைவிட நம்பகமானது எனக்குத் தெரிந்து கிடையாது.

அதைக் கெடுப்பது நாம்தான். கலங்கல்மேல் குத்துக்கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தக் கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் ஒன்றிரண்டு அடி கூடுதலாகப் பிடிக்கலாம். முன்னோர் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பலகையை ஐப்பசிக்கு முன்னால் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டக் கணக்கு போதும். வெள்ளம் வரும்போது கலங்கல்மேல் வழிய வேண்டிய உயரம் முழுக்கக் கரைமேல் சேரும். மண்கரைமேல் தண்ணீர் ஒருமுறை வழிந்துவிட்டால் அந்தக் கரை சில மணி நேரத்தில் இல்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 கோடி லிட்டர். சங்கராபரணியும் தொண்டியாறும் வந்து சேரும் வீடூர் அணை 1959-இல் கட்டியது, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. அன்றைய மழை அப்படியே வழிந்து வந்தால் வெறும் 34 சதுர கிலோமீட்டர் நிலமே அந்த அணையைக் காலியிலிருந்து நிரப்பிவிடும். அப்படிப்பட்ட ராத்திரியில் மதகைத் திறக்க யாரும் கரைக்குப் போக முடியாது. கலங்கல் திறந்திருந்தால்தான் பிழைப்பு உண்டு.

ஆகவே இதைப் படிக்கிற செஞ்சி, மேல்மலையனூர், வல்லம் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரட்டாசிக்குள் உங்கள் ஊர் ஏரிக்கோடிக்கு ஒருமுறை போய் வாருங்கள். குத்துக்கல்லுக்கிடையே போன வருஷத்துப் பலகையோ மண்மூட்டையோ கிடந்தால் ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் சொல்லி எடுக்க வையுங்கள். கலங்கலுக்குக் கீழே போகிற கால்வாயில் யாராவது வேலி போட்டிருக்கிறார்களா, கருவேலம் மண்டியிருக்கிறதா என்று பார்த்து அதையும் எழுதிக் கொடுங்கள்.